எக்ஸாஸ்ட் அரிப்பு புட்டி வைத்து அடைக்கிற வேலையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வள்ளங்களிலும் ஃபைபர் படகுகளிலும் பின்பக்கம் வெளியே மாட்டி ஓட்டுகிற அவுட்போர்டு எஞ்சின்கள் பலவும் பிஸ்டன் தேய்ந்து ஓய்வதற்கு முன்பே, எக்ஸாஸ்ட் பக்கம், அதாவது புகை வெளியேறும் பக்கம், அரித்து, சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து பாழாகின்றன. முறையாகப் பிரித்துச் செய்தால் தீரக்கூடிய பழுது இது. அவசரத்துக்குப் புட்டி அப்பி மூடுவதால்தான் எஞ்சினே கைவிட்டுப் போகிறது. மீனவர்களும் மெக்கானிக் தம்பிகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை போகும் வழி, சிலிண்டர்கள் அமைந்த உலோக உடலான பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிறது. பிளாக்கின் முகத்தில் ஒரு கேஸ்கட் (கசியாமல் தடுக்க இடையில் வைக்கும் தகடு), அதன்மேல் உள் கவர், மறுபடி ஒரு கேஸ்கட், அதற்குமேல் வெளிக் கவர். உள் கவரின் ஒரு பக்கம் 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும் புகை. மறுபக்கம் எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் கடல் தண்ணீர். நடுவில் நிற்பது சில மில்லிமீட்டர் அலுமினியம் மட்டும்தான். கரைக்கு வந்து எஞ்சினை நிறுத்தியதும் உள்ளே தங்கிய தண்ணீர் அந்தச் சூட்டில் வற்றி உப்பாகப் படிகிறது. அந்த உப்பு, அலுமினியத்தின் மேலிருக்கும் இயற்கையான காப்புப் படலத்தை உடைத்துவிடும். கேஸ்கட் ஓரத்தின் இடுக்கில் அரிப்பு இன்னும் வேகம். வெள்ளையாகப் பூத்து, பருத்து, கேஸ்கட்டையே மேலே தூக்கிவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் எரிபொருளிலுள்ள கந்தகமும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, புகைப் பக்கமிருந்தும் தின்னும்.

நோய் எங்கே என்று பார்க்க ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினாலே பாதி தெரியும். நல்ல சிலிண்டரின் பிளக் பழுப்பாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். தண்ணீர் புகும் சிலிண்டரின் பிளக் கழுவி விட்டதுபோல் வெளுத்து, நுனியில் துருப் புள்ளியோடு வரும். உடனே சிலிண்டர் மூடிக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளே ஏறும் அழுத்தத்தை) அளந்து பாருங்கள். ஒன்று நன்றாகக் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டையோ பிஸ்டன் ரிங்கையோ சந்தேகப்படலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் தண்ணீர் வருகிறது என்றால் முதலில் எக்ஸாஸ்ட் கவரைத்தான் திறக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் கயிறு பாதியில் கல்லாக நின்றால் பலத்தைக் காட்டி இழுக்காதீர்கள். கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுச் சுற்றி வையுங்கள். அன்றைக்கே செய்ய வேண்டும். ஓர் இரவு விட்டாலே கிராங்க் பேரிங்கில் துரு ஏறிவிடும்.

வேலை கெடுவது பெரும்பாலும் போல்ட் கழற்றும் இடத்தில்தான். எஃகு போல்ட்டும் அலுமினியப் பிளாக்கும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் மின்னரிப்பு உண்டாகி, மரை முழுவதும் வெள்ளைப் பொடி இறுகிக் கிடக்கும். நேராக ஸ்பேனர் போட்டால் தலை முறியும். பெட்ரோல் டேங்க், குழாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரிவதால் பிடி தளரும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் சீறி ஆவியாகிற சூடு போதும். அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும் உலோகம், நிறத்தைப் பார்த்துச் சூட்டை மதிப்பிட முடியாது. ஆறியபின் துருநீக்கி எண்ணெய் விட்டு, சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, மாற்றி மாற்றி அசைக்க வேண்டும். 6 மி.மீ. போல்ட் முறிந்தே விட்டால் நடுமையத்தில் 3 மி.மீ. துளை, பிறகு 5 மி.மீ. துளை, அப்புறம் மரை வெட்டும் 6 மி.மீ. டேப். துளை சற்று விலகினால் 6.3 மி.மீ.க்குத் துளைத்து ஹெலிகாயில் (புது மரையாக அமையும் கம்பிச் சுருள்) போடுங்கள். அடுத்த பெரிய போல்ட்டுக்கு மரை போட்டால் சுவர் மெலிந்து அங்கேயே வெடிக்கும்.

திறந்த பிறகு கார்பனை மரத்துண்டாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டுங்கள். கழிவறை ஆசிட்டையும் காஸ்டிக் சோடாவையும் கிட்டே கொண்டுவராதீர்கள். இரண்டுமே அலுமினியத்தைக் கரைத்துவிடும். முகத்தின் மீது எஃகு ஸ்கேலை நிறுத்தி வைத்து, 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் முகம் கோணியிருக்கிறது என்று அர்த்தம். தடித்த கண்ணாடியின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து விரித்து, கவரை எட்டுப் போடுவதுபோல் தேய்த்து, 600இல் முடிக்க வேண்டும்.

குழிகள் விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது. வெளிக் கவரின் தண்ணீர்ப் பக்கத்தில், கேஸ்கட் முகத்தின் ஓரத்தில் உள்ள சின்னக் குழிக்கு உலோகத்தூள் கலந்த எபாக்சி போட்டுத் தேய்க்கலாம். தண்ணீர் அதைச் சூடாகவிடாது. புகைப் பக்கத்தில் எந்தப் பசையும் கூடாது. கடையில் விற்கும் சாதாரண எபாக்சி புட்டி நூறு, நூற்றைம்பது டிகிரியிலேயே இளகிவிடும். உள் கவரில் ஓட்டை விழுந்தால் புதிய கவர் போடுவதே சரி. பிளாக்கின் முகமே அரித்திருந்தால் ஆர்கான் வெல்டிங் தவிர வேறு வழியில்லை. உப்பு ஊறிய அலுமினியத்தில் அப்படியே வெல்டிங் வைத்தால் கறுத்துத் துப்பி, உள்ளே நுண்துளைகள் விழும். பளபளப்பான உலோகம் தெரியும்வரை அரைத்துவிட்டு, பாகத்தை ஏறத்தாழ 150 டிகிரிக்குச் சூடாக்கி, 4043 என்ற அலுமினிய வெல்டிங் ராடு கொண்டு நிரப்பி, மெதுவாக ஆறவிட்டு, மில்லிங் இயந்திரத்தில் முகத்தைச் சமன்செய்ய வேண்டும்.

மூடும்போது இரண்டு கேஸ்கட்டும் புதியதாக, அந்த மாடலுக்கு உரியதாக இருக்கட்டும். ஷீட்டில் வெட்டிய கேஸ்கட் கருகிவிடும். சிலிகான் பசை பிதுங்கித் தண்ணீர் வழியை அடைக்கும். போல்ட் மரையில் கடல் பயன்பாட்டுக்கான கிரீஸ் தடவுங்கள். செப்புத்தூள் கலந்த பசை வேண்டாம், அது அலுமினிய அரிப்பைத் தூண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக இறுக்க வேண்டும். 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவான அளவு 8 நியூட்டன் மீட்டர். உங்கள் எஞ்சினின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இவ்வளவும் செய்து, தினமும் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவாவிட்டால் அரிப்பு திரும்ப வரும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் இழுக்கும் துளைக்கு மேலே நீர் நிற்கும்படி இறக்கி, நியூட்ரலில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்ட வேண்டும். இரண்டு நிமிடம் போதாது. தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு) உள்ள எஞ்சினில் ஏறக்குறைய 50 டிகிரி வந்தபிறகே அது திறந்து, நல்ல தண்ணீர் முழுவதும் சுற்றும். ஒரே டிரம்மில் எஞ்சின் மாற்றி எஞ்சின் கழுவினால் அந்தத் தண்ணீரும் கரிக்கும்; நாக்கில் வைத்துப் பார்த்து மாற்றிவிடுங்கள். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைந்து எஞ்சினைக் காக்கும் துத்தநாகக் கட்டியின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது, அதில் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறார்கள். கிழக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் வரும் அந்த ஓய்வு, வள்ளம், ஃபைபர் போன்ற நாட்டுப் படகுகளுக்குக் கிடையாது. அவற்றின் எஞ்சினைக் காப்பது அன்றாடக் கழுவல் மட்டுமே. பல கடற்கரைகளில் குடிக்கவே நல்ல தண்ணீர் தோளில் சுமந்து வரும்போது, எஞ்சினுக்கு யார் ஊற்றுவார்? எஞ்சின் வாங்க மானியம் தரும் மீன்வளத் துறை, ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் ஒரு நல்ல தண்ணீர்க் குழாயும், எஞ்சினை மாட்டி ஓட்ட ஒரு தாங்கியும் தொட்டியும் அமைத்துத் தர வேண்டும். கேஸ்கட், உள் கவர், துத்தநாகக் கட்டி ஆகிய மூன்றையும் மானிய விலையில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கொடுக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அவுட்போர்டு எஞ்சின் மெக்கானிக்குகள் சிலர்,
கன்னியாகுமரி மாவட்டம்.