10.2 என்று எழுதியிருக்க வேண்டும்

அன்புள்ள சார்,

நேற்று உங்கள் தலைத்திவசத்துக்கு வந்திருந்தேன். உறவினர்கள் சூழ்ந்திருந்ததால் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். ஸ்கேன் கருவி விற்கும் வேலையை விட்டுவிட்டேன். ஜூன் முதல், நீங்கள் நின்ற வகுப்பில் அல்ட்ராசவுண்டு இயற்பியல் நடத்தப்போகிறேன்.

முடிவெடுத்த நாளிலிருந்து, ஸ்கேன் கருவி தூரத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று நாம் சோதித்த அந்தத் தண்ணீர்த் தொட்டிதான் கண்ணில் நிற்கிறது. மே மாத மதியம். மின்சாரம் அப்போதுதான் வந்திருந்தது. குறுக்கே கட்டிய நைலான் நூல், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் புரோபின் முகப்பிலிருந்து சரியாக 10 செ.மீ. தள்ளி இருப்பதை நீங்களே அளந்து பார்த்தீர்கள். திரையில் அது 10.2-இல் தெரிந்தது. நான் பதிவேட்டில் 10.0 என்று எழுதினேன். மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டியிருந்தது, கருவியில்தான் கோளாறு என்று உண்மையாகவே நம்பினேன். ஆனாலும் கண்ணால் கண்டதை மாற்றி எழுதியது பொய்தான். மன்னித்துவிடுங்கள், சார். மென்திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் செல்லும் என்று வைத்துக்கொண்டுதான் கருவி எதிரொலியின் நேரத்தைத் தூரமாக மாற்றுகிறது. சென்னை வெயிலில் 30 டிகிரிக்குச் சூடேறிய தண்ணீரில் அந்த வேகம் ஏறத்தாழ 1509 மீட்டர்தான் என்பதால், தாமதமாக வந்த எதிரொலியைத் தொலைவிலிருந்து வந்ததாக அது காட்டியிருக்கிறது. முழுப் பாடமும் அந்த 2 மில்லிமீட்டரில் இருந்தது.

அதற்காக, ஜூனியர்கள் முன்னால் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்திருக்க வேண்டுமா? “சிசுவின் தலையை அளக்கும்போதும் இப்படித்தான் திருத்துவாயா?” என்று கேட்டீர்கள். அன்று இரவு முழுவதும் அழுதேன்.

வயிற்றுக் கட்டிகளை அல்ட்ராசவுண்டால் பார்த்தது பற்றி 1958-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையைப் பற்றிப் பேசும்போது டாக்டர் இயன் டொனால்டோடு நிறுத்தமாட்டீர்கள்; கிளாஸ்கோவில் அந்தக் கருவியை உருவாக்கிய இளம் பொறியாளர் டாம் பிரௌனின் பெயரை இரண்டு முறையாவது சொல்வீர்கள். அப்படிப்பட்டவர், மூன்று மாதம் நான் எடுத்த அளவுகளை வைத்து எழுதிய கட்டுரையில் என் பெயரை ஏன் விட்டுவிட்டீர்கள்? பெயர் விடுபட்டதில் வேறு யாருக்குப் பங்கு உண்டு என்று எழுதமாட்டேன். அவர்களும் இதைப் படிக்கக்கூடும். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கடைசியாக உங்களை மருத்துவமனையில் பார்த்தபோது கேட்டுவிட நினைத்தேன். வயிற்றில் ஜெல்லோடு படுத்தபடியே, உங்களை யாரென்று அறியாமல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், “ஃபோகஸை இன்னும் 2 செ.மீ. கீழே இறக்கிப் பாரும்மா” என்றீர்கள். இறக்கியதும் படம் தெளிந்தது. எனக்குக் கேட்க மனம் வரவில்லை.

முதல் வகுப்பு தொட்டியில்தான். நூல் வாங்கிவிட்டேன். உங்கள் தெர்மாமீட்டரை நேற்று அம்மா எடுத்துக் கொடுத்தார்கள்.