ஆற்றுத்துறையில் இரண்டு நண்பர்கள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்திக்குக் காய்ச்சல், பதில் தள்ளிப்போய்விட்டது. இப்போது தேவலை. என் முதுகுவலிக்குத்தான் டப்ளின் குளிர் ஒத்துவரவில்லை.

முப்பது வருஷம் தபால்தலையில் முத்திரை குத்தியவனை ஊர் பார்க்க அழைத்தால் எங்கே போவான்? நேரே தலைமை அஞ்சலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு வெண்கலச் சிலை. கல்தூணில் தன்னைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே சாகிற வீரன், தோளில் காக்கை. ஆங்கில ஆட்சியை எதிர்த்து அயர்லாந்துக்காரர்கள் கிளம்பிய 1916 எழுச்சியின் நினைவாக 1935இல் வைத்தார்களாம். பெயர் கூஹுலின், அயர்லாந்தின் பழங்கதை நாயகன். அவன் கதையைத் தேடிப் படித்ததில் இரண்டு நாள் தூக்கம் போயிற்று.

சண்டை தொடங்குவது படுக்கையறையில். யாருக்குச் சொத்து அதிகம் என்று கொனாட் நாட்டு ராணி மேவுக்கும் புருஷன் ஐலிலுக்கும் வாக்குவாதம். பாத்திரம், மோதிரம், ஆடு, குதிரை எல்லாம் கொண்டுவந்து எண்ணினால் சரிக்குச் சரி. ஒரே ஒரு வெள்ளைக் கொம்புக் காளைதான் ராஜா பக்கம் கூடுதல். அது அவள் மந்தையில் பிறந்ததுதான். பெண்ணுக்குச் சொந்தமாக இருக்கமாட்டேன் என்று அந்தப் பக்கம் போய்விட்டதாம். மாட்டுக்கு எவ்வளவு திமிர் பார்!

அதற்கு ஈடாகப் பக்கத்து நாடான அல்ஸ்டரில் ஒரு காளை இருந்தது. ஒரு வருஷம் இரவல் கொடு, ஐம்பது கிடாரி தருகிறேன் என்று மேவ் ஆள் அனுப்பினாள். உரிமையாளனும் சரியென்றான். ராத்திரி விருந்தில் குடித்துவிட்டு, ‘தராவிட்டால் பிடுங்கியிருப்போம்’ என்று தூதர்கள் உளற, அது அவன் காதுக்குப் போய்விட்டது. அப்புறம் என்ன, படை கிளம்பியது. தமிழ் வாத்தியார் வெட்சித்திணை நடத்தும்போது நீ தூங்குவாயே, அதே ஆநிரை கவர்தல்தான்.

ஒரு சாபத்தால் அல்ஸ்டர் ஆண்கள் எல்லோரும் பிரசவ வலி வந்து படுத்துவிட, பதினேழு வயசு கூஹுலின் ஒருத்தன் மட்டும் ஆற்றுத்துறையில் நின்று தினம் ஒருவனாக வெட்டுகிறான். போகிற வீரனுக்கெல்லாம் மேவ் தன் மகள் ஃபின்னவரைக் கட்டித்தருவதாகச் சொல்லி அனுப்புகிறாள். இதைக் காதல் கதை என்கிறவர்கள் அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில் மேவ் படையிலிருந்த ஃபெர்டியாவின் முறை. இருவரும் ஒரே குருவிடம் படித்தவர்கள், கூடப்பிறந்தவர்கள் மாதிரி. போகமாட்டேன் என்றவனை, புலவர்களை விட்டு அறம் பாடச்செய்வேன், முகத்தில் கொப்புளம் கிளம்பும் என்று மிரட்டித்தான் அனுப்பினாள்.

முதல் நாள் பொழுதுசாய ஆயுதங்களைத் தேரோட்டிகளிடம் எறிந்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். குதிரைகள் ஒரே கொட்டிலில், தேரோட்டிகள் ஒரே நெருப்பில். தன் காயத்துக்கு வைத்த பச்சிலையில் பாதியைக் கூஹுலின் அக்கரைக்கு அனுப்புவான். தன் சாப்பாட்டில் பாதியை ஃபெர்டியா இக்கரைக்கு அனுப்புவான். இரண்டாம் ராத்திரியும் அப்படியே. மூன்றாம் ராத்திரி பேசவில்லை. குதிரைகளையும் தனித்தனியே கட்டினார்கள். நான் புத்தகத்தை மூடிவைத்தது அங்கேதான். நாலாம் நாள், உடம்புக்குள் போனதும் முள்முள்ளாக விரிகிற ஈட்டியைத் தண்ணீருக்குள்ளிருந்து எறிந்து, கூஹுலின் நண்பனைக் கொன்றான். பிணத்தைத் தூக்கிக்கொண்டு தன் கரைக்கு வந்து அழுதான்.

அந்த இடம் லவுத் மாவட்டத்தில் ஆர்டீ என்ற சின்ன ஊர். பெயருக்கே ஃபெர்டியாவின் துறை என்று அர்த்தம். மருமகன் காரில் கூட்டிப்போனார். ஆறு நம் ஊர் வாய்க்கால் அகலம்தான். இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரையில் கேட்கும்.

அந்த வேலைநிறுத்தத்தின்போது நீ வாசலில் கொடியோடு, நான் உள்ளே கவுன்டரில். மத்தியானம் பின்கேட் வழியாக உன் டிபன் கேரியரின் மேலடுக்கு மட்டும் எனக்கு வரும். வத்தக்குழம்பு. நாலைந்து நாள் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

மார்கழியில் ஊருக்கு வருகிறேன். உறையில் ஒட்டியிருப்பது அந்த அஞ்சலகத்தில் வாங்கிய ஸ்டாம்ப், கிழிக்காமல் பிரி.

உன்,
ராமு