எடின்பரோவிலிருந்து அப்பாவுக்கு

எடின்பரோ,
டிசம்பர் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். விளாச்சேரியில் மழை விட்டபாடில்லை என்றும், கொலு முடிந்து மிஞ்சிய பொம்மைகளை எல்லாம் உள்ளறைக்கு மாற்றிவிட்டதாகவும் தம்பி சொன்னான். இங்கே மழையைவிட இருட்டுதான் அதிகம். பிற்பகல் நான்கு மணி ஆவதற்குள் பொழுது அடைந்துவிடுகிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், வேலை முடிந்த பிறகு என்ன செய்கிறாய் என்று கேட்டீர்கள். ஒரு குதிரை செய்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அதை விளக்கமாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

நான் பணிபுரியும் முதியோர் இல்லத்தில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். இங்கே பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். என் வாய்க்கு அது வராததால் நான் அவரை ‘சார்’ என்றே கூப்பிடுகிறேன். குதிரைவீரன் பொம்மை ஒன்றின் பாகங்கள் அடங்கிய பெட்டியைப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி வைத்திருந்தவர், அதைத் திறப்பதற்குள் கைநடுக்கம் வந்து பிரிக்காமலேயே விட்டுவிட்டார். எங்கள் வீட்டில் அப்பாவும் தாத்தாவும் ஐயனாருக்குக் குதிரை செய்கிறவர்கள் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் அந்தப் பெட்டி என் கைக்கு வந்துவிட்டது. இப்போது மாலை வேலை முடிந்ததும் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் அமர்கிறேன். அவர் சொல்லச் சொல்ல நான் செய்கிறேன்.

பெட்டியில் இருந்தவை வெள்ளீயக் கலவையில் வார்த்த துண்டுகள். குதிரையின் உடல் நம் கொலு பொம்மை அச்சைப் போலவே இடது பாதி, வலது பாதி என இரண்டாக இருந்தது. வால், வீரனின் உடல், இரண்டு கைகள், வாள், உறை, அங்கவடிகள், கரடித்தோல் தொப்பி ஆகியவை தனித்தனியாக இருந்தன. வீரன் நின்றால் உள்ளங்காலிலிருந்து கண் வரை 54 மில்லிமீட்டர் இருப்பான். பொம்மை வீரர்களுக்கு இது பழைய கணக்கு. 1893-இல் வில்லியம் பிரிட்டன் என்பவர் இந்த நாட்டுப் பொம்மைத் தொழிலையே மாற்றியிருக்கிறார். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் நடுவில் உள்ள குழம்பை வெளியே கவிழ்த்துவிட்டால், உள்ளே பொள்ளலான பொம்மை கிடைக்கும். ஈயமும் மிச்சம், எடையும் குறைவு. சார் இதைச் சொன்னபோது நம் புரவியின் வயிற்றைத்தான் நினைத்துக்கொண்டேன். அது பொள்ளலாக இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும் என்று அவருக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் குதிரையோ பொள்ளல் இல்லாதது, கட்டி உலோகம். அரைச் சாண்கூட உயரம் இல்லை, கையில் எடுத்தால் கனக்கிறது. அதிலும் அது பாய்கிற குதிரை. முன்னங்கால்கள் இரண்டும் அந்தரத்தில் இருக்க, பின்னங்குளம்புகள் இரண்டும்தான் தரையைத் தொடுகின்றன. நீங்கள் கால்களை முதலில் வனைந்து, அவை எடை தாங்கும் அளவுக்கு உலரும் வரை வயிற்றுக்குப் போகவே மாட்டீர்கள். சிறுவயதில் அந்தக் காத்திருப்பு எனக்குப் பொறுக்காது. அந்தப் பொறுமையின்மை இங்கும் என்னை விடவில்லை. குளம்பில் பசை மட்டும் வைத்து மரக்கட்டையில் ஒட்டிவிட்டு, காலையில் வந்து பார்த்தபோது குதிரை கவிழ்ந்து கிடந்தது, வாலும் முறிந்திருந்தது. சார் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து கையால் திருகும் சிறு துளைப்பானை எடுத்துக் கொடுத்தார். இரண்டு குளம்புகளிலும் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு, பித்தளைக் கம்பியைச் செருகி, கட்டையிலும் அதே அளவுக்குத் துளையிட்டு இறக்கினேன். இப்போது கட்டையைத் தலைகீழாகப் பிடித்தாலும் குதிரை அசைவதில்லை. திருப்பரங்குன்றம் கோயில் முன்மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவை தூணோடு ஒரே கல். ஒட்டுவேலை செய்கிறவனுக்குத்தான் எடை எங்கே இறங்குகிறது என்ற கணக்கு வேண்டியிருக்கிறது.

உடலின் இரு பாதிகளையும் சேர்த்தபோது முதுகில் மயிரிழை அளவு இடைவெளி விழுந்தது. நம் ஊரில் எம்சீல் பிசைவோமே, அதைப் போன்ற இருபொருள் மாவைப் பிசைந்து அடைத்து, இறுகியதும் அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்தேன். கண்ணை நம்பாதே, நகத்தை ஓட்டிப் பார் என்று நீங்கள் சொல்வது போலவே நகத்தை ஓட்டிப் பார்த்தேன். தட்டவில்லை.

இந்த வீரன் ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற குதிரைப்படையைச் சேர்ந்தவன். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூ போரில் அந்தப் படை பாய்ந்தபோது, சார்ஜென்ட் சார்லஸ் யூவர்ட் என்பவர் பிரெஞ்சுக்காரர்களின் 45-ஆம் படைப்பிரிவு கொடிக்கம்பின் உச்சியில் ஏந்தி வந்த கழுகுச் சின்னத்தைப் பறித்தார். அந்தக் கழுகு இங்குள்ள கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விடுமுறை நாளில் போய்ப் பார்த்தேன். திரும்பும் வழியில் பிரின்சஸ் தெருவில் 1906-இல் நிறுவிய அந்தப் படையின் குதிரைவீரன் வெண்கலச் சிலையின் கீழ் வெகுநேரம் நின்றேன். குளிரில் காது விறைத்தது. ஆனால் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். வீரன் குதிரைமேல் வைக்கப்பட்டவனாகத் தெரியக் கூடாது. அவன் எடை முழுவதும் சேணத்தில் இறங்கியிருக்க வேண்டும். என் வீரனுக்குத் தொடைக்கும் சேணத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அன்று மாலையே அவனைக் கழற்றி, சேணத்தை அரத்தால் சற்றுக் குழித்து மறுபடி உட்கார வைத்தேன். அந்த ஒரு மாற்றத்தில் பொம்மைக்கு உயிர் வந்தது போல் இருந்தது, அப்பா.

கடிவாள வார் பெட்டியில் இல்லை. மெல்லிய ஈயத் தாளை அரை நெல் அகலத்துக்கு வார் வாராக நறுக்கி நானே செய்தேன். வார் குதிரையின் வாயிலிருந்து வீரனின் இடக்கைக்கு வர வேண்டும், வலக்கையில் வாள். வாரை விறைப்பாக இழுத்தால் கம்பி போலத் தெரிகிறது, தளர விட்டால் பாய்கிற குதிரைக்குப் பொருந்தவில்லை. மூன்று முறை அறுத்துக் கட்டினேன்.

வண்ணத்தில்தான் எனக்குப் புதிய பாடம் கிடைத்தது. அந்தப் படையின் குதிரைகள் எல்லாம் சாம்பல் நிறம். அத்தகைய குதிரை கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயது ஏற ஏற வெளுக்கும் என்று சார் சொன்னார். அதனால் வெள்ளையை நேராகப் பூசவில்லை. முதலில் முழுவதும் கருஞ்சாம்பல் அடித்து, பிரஷைத் துணியில் துடைத்து ஏறக்குறைய உலர்ந்த பிறகு, வெளிர் நிறத்தை மேடான இடங்களில் மட்டும் தடவித் தடவி ஏற்றினேன். முழங்கால், மூக்கு நுனி, கண்ணைச் சுற்றிய தோல் ஆகியவை கறுப்பாகவே நிற்கின்றன. வீரனின் சட்டை சிவப்பு. உங்களைப் போல் திண்ணையில் பகல் வெளிச்சத்தில் தீட்ட எனக்கு வழியில்லை. மேசை விளக்கில் சரியாகத் தெரிந்த சிவப்பு மறுநாள் சன்னலோரத்தில் செங்கல் நிறமாக இருந்தது. ஆகவே அதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை பகலில் மறுபடி பூசினேன்.

எல்லாம் முடிந்துவிட்டது, குதிரையின் கண் மட்டும் பாக்கி. கண் திறப்பதை நாம் கடைசிக்கு வைப்போம் என்று சொன்னேன். சாரும் சரி என்றார். அந்தக் கண் கடுகில் பாதிதான் இருக்கும். கரும்பழுப்பு வைத்து, அதன்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளியை மேலே வைப்பதா, பார்வை போகிற பக்கமாகச் சற்றுத் தள்ளி வைப்பதா? இரு கண்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்பீர்களே, இவ்வளவு சிறிய கண்ணுக்கும் அப்படித்தானா? ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் நேரம் பதினொரு மணிக்கு அழைக்கிறேன். தம்பியின் கைப்பேசியை அருகிலேயே வைத்திருங்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்