அந்தக் கருவியின் பெயர் பறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பொங்கல் சிறப்பிதழில், தமிழகத் திருச்சபையும் மண்ணின் பண்பாடும் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் முடிவுப் பத்தியில் வரும் ஒரு வாக்கியம் பத்து நாட்களாக என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது. "குத்துவிளக்கும் கோலமும் ஆரத்தியும் பீடத்தருகே வந்துவிட்ட பிறகு, இங்குள்ள கிறிஸ்தவ வழிபாடு முழுமையாகத் தமிழர் வழிபாடாகிவிட்டது" என்பதே அது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் சேரியில், மூன்று தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்களாக வாழும் குடும்பத்தில் பிறந்து, 32 ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். 'முழுமையாக' என்னும் அந்தச் சொல்லை என்னால் கடந்து போக முடியவில்லை.

இந்திய ஆயர்கள் கேட்டு, 1969ஆம் ஆண்டு உரோமை இசைவளித்த, வழிபாட்டில் இந்திய வழக்கங்களை ஏற்கும் பன்னிரண்டு தழுவல்களைத் தாங்கள் அறிவீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்வது, கைகூப்பி வணங்குவது, மெழுகுவத்திக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு ஏற்றுவது, முத்தமிடுவதற்குப் பதிலாகத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வது, ஆரத்தி, குருவின் தோளில் அங்கவஸ்திரம் என்று நீளும் அந்தப் பட்டியலுக்காக முன்னின்று உழைத்த தந்தை அமலோர்பவதாஸ் நம் தமிழ்நாட்டுக்காரர். அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இலத்தீனில் ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்த பூசையைத் தமிழில் கேட்ட நாளில் என் பாட்டி அழுதாராம். ஆகவே அந்த மாற்றங்கள் வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு யாரோ ஒருவர் வீட்டுப் பூசையறை தெரிகிறதே தவிர, நான் பிறந்த வீடு தெரியவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் குத்துவிளக்கு இருந்ததில்லை; புகை படிந்த சிம்னி விளக்குத்தான் எரிந்தது. குத்துவிளக்கை நான் முதன்முதலில் கையால் தொட்டது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் ஆண்டு விழாவில். அது தமிழர் பண்பாடு என்றால், சிம்னி விளக்கின் வெளிச்சத்தில் செபமாலை சொன்ன என் தாய் எந்த இனத்தைச் சேர்ந்தவர்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தின் ஒரு பங்கில் பொங்கல் விழாத் திருப்பலி நடந்தது. வரவேற்புக்குப் பறை வேண்டும் என்று கேட்டார்கள். என் தம்பியும் நண்பர்கள் ஆறு பேரும் போனார்கள். விடியற்காலையிலேயே வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து, கணீரென்று ஓசை வந்த பிறகுதான் தம்பி எழுந்தான். ஊர் எல்லையிலிருந்து கோயில் வாசல்வரை அடித்து வந்தார்கள். வாசற்படியில் ஏறப்போனவனிடம் விழாப் பொறுப்பாளர் ஒருவர் வந்து, மிகவும் மரியாதையாகவே, "தம்பி, அதை வெளியிலேயே வைத்துவிட்டு வாங்க" என்றார். உள்ளே வீணை இருந்தது. காணிக்கைப் பவனியில் பரதநாட்டியம் ஆடினார்கள். மண்பானையில் பொங்கல் பொங்கிப் பீடத்தின் முன் வைத்தார்கள். என் தம்பி, செருப்புகள் கழற்றிப் போடப்பட்டிருந்த இடத்துக்கு ஓரமாகப் பறையைச் சுவரில் சாய்த்து, கழுத்துத் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். பூசை முடியும்வரை அவன் ஒரு பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை. மனிதன் உள்ளே வரலாம், அவன் கைத்தொழிலும் கலையும் செருப்போடு கிடக்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் பண்பாட்டுமயமாதலா, அதாவது திருச்சபை இந்த மண்ணின் பண்பாட்டை ஏற்பதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதில் எங்களுக்குள்ளும் ஒரு வலி உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் பாட்டனார் திருமுழுக்குப் பெற்ற ஆண்டிலேயே பறையைக் கீழே வைத்துவிட்டார். ஊரில் யார் இறந்தாலும் அழைத்தவுடன் போய் அடிக்க வேண்டும், மறுத்தால் களத்தில் நெல் கிடையாது என்ற நிலை அது. பறையைத் தொடாமல் இருப்பதுதான் அவருக்கு விடுதலையாக இருந்தது. தம்பி அதை மீண்டும் கையில் எடுத்தபோது என் தந்தை இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை. அடிமைத் தொழிலாகத் திணிக்கப்பட்ட ஒன்றை, தன் விருப்பத்தோடு, தலை நிமிர்ந்து அடிப்பதற்கு எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை ஆயிற்று. அப்படி மீட்டெடுத்ததைத்தான் வாசலில் வைக்கச் சொன்னார்கள்.

தமிழாசிரியை என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொல்காப்பியர் வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் வைக்கிறார். ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம் உண்டு, பறையும் உண்டு. தெய்வத்தையும் பறையையும் ஒரே நூற்பாவில் வைத்த மொழியில், பறைக்குத் தெய்வத்தின் முன்னிலையில் இடமில்லை என்று சொல்வதற்கு 'தமிழ்ப் பண்பாடு' எவ்வாறு காரணமாகும்?

கட்டுரையாளர் இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலியிலிருந்து தொடங்குகிறார். 1606இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்து, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற அவருடைய தமிழ்ப் புலமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பரதவ மக்களிடையே பணி செய்துவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் சக குருவின் இல்லத்திலிருந்து, உயர்சாதியினர் தம்மை ஏற்க வேண்டும் என்பதற்காக அவர் பிரிந்து சென்று வாழ்ந்ததையும், பிற்காலத்தில் எளிய சாதியினருக்கென்று பண்டார சுவாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் ஏற்பட்டதையும் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. எங்கள் மக்கள் நோயுற்றுச் சாகக் கிடந்தாலும் குருக்கள் அவர்கள் வீட்டுக்குள் நுழையாத வழக்கத்தை 1704இல் உரோமையின் தூதர் துர்னோன் தடை செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் சச்சரவு நாற்பது ஆண்டுகள் நீண்டு, 1744இல் எங்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டில் போய் நின்றது. இவை அனைத்தும் 'நாட்டு வழக்கத்தை மதித்தல்' என்ற பெயரில்தான் நடந்தன.

கத்தோலிக்கர்களை மட்டும் குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சிறுமியாக இருந்தபோதே மனப்பாடம் செய்தவள் நான். தமிழிசையில் கிறிஸ்துவைப் பாடியதில் அவருக்கு நிகரானவர் அரிது. அந்தப் பெருங்கவிஞரே, திருச்சபையில் எல்லாச் சாதியாரும் கலந்து அமர வேண்டும் என்று புதிய போதகர்கள் வற்புறுத்தியபோது அதை எதிர்த்து நின்றார். 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து அகற்ற வேண்டும் என்று ஆணையிட்டதும், தஞ்சைப் பகுதியில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதி என்பது சமயம் சார்ந்ததன்று, நாட்டின் பண்பாடு என்பதே அவர்கள் சொன்ன காரணம். நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலில் வேளாளரையும் நாடாரையும் பிரித்து வைத்த தடுப்பு 1910இல் அகற்றப்பட்டபோது வழக்கு மன்றம்வரை போனார்கள். பண்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே எங்களைப் போன்றவர்களுக்கு ஏன் நெஞ்சு பதறுகிறது என்பது இப்போது தங்களுக்கு விளங்கும் என்று நம்புகிறேன். என் தந்தையை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இன்றும் இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2ஆம் நாள் சுவரின் இரு பக்கமும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறோம்.

குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் பிரெஞ்சுக் குருக்கள் இருவர் தொடங்கிய, இந்துத் துறவு நெறியையும் உபநிடதத்தையும் தழுவிய சாந்திவன ஆசிரமத்துக்குக் கட்டுரை ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறது. அங்கே நானும் போயிருக்கிறேன். காவிரிக் கரையின் அமைதி மனத்துக்கு இதமாகவே இருந்தது. ஆனால் உபநிடதத்துக்கு ஒன்றரைப் பக்கம் கிடைத்த இடத்தில், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, நாட்டுப்புற மெட்டில் முழு வழிபாட்டையும் அமைத்துத் தந்த 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு அவர்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்பதே நற்கருணையின் பொருள் என்று எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து இறையியல் பேசியவர் அவர். பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாத ஊரில் அந்தச் சொல் எப்படி இறங்கும் என்பதை எந்த நூலகத்திலும் படித்து அறிய முடியாது. பறையொலியிலேயே கிறிஸ்துவைக் காணலாம் என்று சத்தியநாதன் கிளார்க் 1998இல் ஒரு நூலே எழுதினார். அதுவும் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை. தமிழகத் திருச்சபையில் எண்ணிக்கையில் மிகுந்திருப்பவர்கள் எங்கள் தலித் மக்களே என்பது தங்களுக்குத் தெரியும். அவர்களுடைய பாட்டும் தாளமும் உணவும் இல்லாமல் ஒரு வழிபாடு முழுமையாகத் தமிழர் வழிபாடாகிவிட்டது என்று எழுத, தங்கள் இதழில் எப்படி இடம் கிடைத்தது? 1980 முதல் நான் நம்பிப் படித்துவரும் இதழ் இது. அதனால்தான் இவ்வளவு வருந்தி எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டுரையோடு 47ஆம் பக்கத்தில் ஒரு புகைப்படம் அச்சாகியிருக்கிறது. கோயில் வாசலில் நான்கு இளைஞர்கள், இடக்கையில் நீண்ட மெல்லிய குச்சியும் வலக்கையில் குட்டையான அடிக்குச்சியும் பிடித்து, தோளில் தொங்கும் வட்டக் கருவியை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் கீழே 'கிராமிய மேளக் கலைஞர்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். நாகசுரத்தையும் வீணையையும் அவற்றின் பெயரிலேயே குறிப்பிட்ட கட்டுரையில், இதற்கு மட்டும் பெயர் சொல்லத் தயங்கியது ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை. அது மேளம் அன்று, பறை. அடுத்த இதழில் 'படக்குறிப்பில் பறைக் கலைஞர்கள் என்று இருந்திருக்க வேண்டும்' என ஒரு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். அந்த இதழ் வந்த பிறகு இரண்டையும் சேர்த்துத் தம்பியிடம் கொடுக்கலாம் என்று பொங்கல் மலரை இன்னும் அவனுக்குக் காட்டாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்