தலைக்கணக்கில் ஒரு வீடும் விடுபடக் கூடாது: சேந்த்-ரோஸ் கோயில் நிர்வாகக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் பூசாரிமார்களுக்கும் வணக்கம்.

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் கிழக்குக் கரையில், எரிமலையின் மடியில் கிடக்கும் நமது சேந்த்-ரோஸ் கொம்யூனுக்கு (நகராட்சிப் பகுதிக்கு) அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவதற்கு முன்பே உங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கணக்கெடுப்பாளர் வந்து தட்டும்போது ஒரு வீட்டுக் கதவும் அடைத்துக் கிடக்காதபடி, நீங்கள் கோயில்களில் மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நமது கொம்யூனின் பரப்பு ஏறத்தாழ 178 சதுர கிலோமீட்டர். தலைநகரான சேன்-தெனி 143 சதுர கிலோமீட்டருக்குள் ஒன்றரை இலட்சம் பேரை வைத்திருக்க, நாமோ ஆறாயிரத்துச் சொச்சம் பேர்தான். சதுர கிலோமீட்டருக்குத் தீவின் சராசரி 350 அளவில் இருக்கும்போது, இங்கே நாற்பதைக்கூட எட்டவில்லை. ஆனால் இந்தச் சராசரியை வைத்து நம் ஊரை அறிந்துகொள்ள முடியாது. 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை உச்சியிலிருந்து கடல்வரை இறங்கும் இந்த நிலத்தில், மேல்பகுதி தேசியப் பூங்காவுக்குள் அடங்கிய காடு. ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கும் மேல் மழை கொட்டும் சரிவுகளும் அங்கே உண்டு. தெற்கே கிரான் புருலே, எரிகுழம்பு மீண்டும் மீண்டும் ஓடி இறுகிய கரும்பாறை. எஞ்சியிருப்பது இரண்டாம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய மெல்லிய கரையோரப் பட்டைதான். ரிவியேர் த லெஸ்த் ஆற்றுப் பாலத்திலிருந்து பித்தோன் சேந்த்-ரோஸ் வழியாகப் புவா-பிளான் வரை, கரும்புக்கும் கடலுக்கும் நடுவே நாம் எல்லாரும் அந்தப் பட்டையிலேயே குடியிருக்கிறோம்.

1977 ஏப்ரலில் எரிகுழம்பு பித்தோன் சேந்த்-ரோஸுக்குள் புகுந்து, பல வீடுகளை விழுங்கி, தேவாலயத்தின் வாசலில் வந்து நின்றதை நம் பெரியவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். 2007 ஏப்ரலில் கிரான் புருலேயில் சாலையே மறைந்துபோனது. அப்படித் தெற்குப் பாதை அடைபட்டால், மருத்துவமனைக்கும் பெரிய கடைக்கும் வடக்கே சேன்-பெனுவா நகரம் ஒன்றே கதி.

இத்தகைய ஊரில் ஒவ்வொரு தலையும் கணக்கில் ஏற வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. நகராட்சிக்கு அரசு தரும் மானியத்தில் மக்கள்தொகை முக்கியமான அளவுகோல். நகராட்சி மன்றத்துக்கு 29 உறுப்பினர் என்பதும் அந்த எண்ணை வைத்தே. பத்தாயிரத்துக்குக் குறைந்த கொம்யூன்களில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா வீடுகளையும் எண்ணுகிறார்கள் என்பதால், அந்தச் சில வாரங்களில் விட்டுப்போன வீட்டை மறுபடி எண்ண ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த வாரங்களோ நம் தீவில் பெரும்பாலும் பிப்ரவரியில் வருகின்றன; சில ஆண்டுகளில் தைப்பூசக் காவடியும் அப்போதே வந்துவிடும். கரேம் (விரதம்) இருப்பவர்கள் மாலையில் கோயிலில் இருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது.

சென்ற முறை என் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கரும்புக்கு நடுவே உள்ள அந்தத் தகர வீட்டின் படலில் அறிவிப்புத் தாளைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு நாள் மழையில் அது கூழாகி, எழுத்தெல்லாம் ஊதா நீராக வழிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர், தோட்டத்தைப் பிடுங்க வந்த தாள் என்று அஞ்சி அதை அடுப்பில் போட்டுவிட்டார். அவர் அஞ்சியதில் எனக்கு வியப்பில்லை. கரும்புத் தோட்டக் கூலிக்காக ஒப்பந்தத் தாளில் ரேகை வைத்துக் கப்பலேறியவர்களின் பேத்தி அவர்.

ஆகவே, படிவத்தில் மதம் கேட்கப்படாது என்பதையும், எழுதிய விவரம் சட்டப்படி வரி அலுவலகத்துக்குப் போகாது என்பதையும், உதவித்தொகை நின்றுவிடும் என்ற பேச்சு வதந்தி என்பதையும் பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும் நேரத்தில் நம் ஊர்ப் பேச்சுமொழியான கிரேயோலிலேயே சொல்லுங்கள். சேன்-தெனியில் அறை எடுத்துப் படிக்கும், பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகள் அங்கேயே கணக்கில் வருவார்கள். அதனால் பெற்றோர் குழம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கோயிலும் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்களைக் கொடுத்தால், தனித்திருக்கும் முதியவர்களின் அருகில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பித் தரலாம். புவா-பிளான் பக்கத்து வீடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் வண்டி இருக்கிறது. கொடியேற்றத்துக்கு முந்தைய ஞாயிறு உங்கள் குழு கூடும்போது எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள்.

பணிவுடன்,
புவா-பிளான் வாசி ஒருவர்