கூத்துக் களத்தில் ஒன்பது பிள்ளைகள்

தருமபுரி,
சித்திரை 28

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாரதக் கூத்து நடந்த பதினெட்டு நாளும் எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. அவர் சரி சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ச் செய்தி கேட்டிருந்தாய். வெயில் தாங்கவில்லை. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த செய்தி இல்லாமல் ஒரு மாதம் போனால் அதுவே பெரிது. சென்னைக்கு ரயில் ஏற இன்னும் மொரப்பூருக்குத்தான் பஸ் பிடிக்கிறோம். நம் பாட்டிகள் மொரப்பூருக்குப் போன சின்ன ரயிலை 1941-ல் நிறுத்தினார்கள். புதுப் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டியாயிற்று. அதில் ஏறி உன் பேத்தியைப் பார்க்க வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயர் ஆன பிறகு என் வீட்டுத் திண்ணை சும்மா கிடந்தது உனக்குத் தெரியும். போன வருஷம் முழுப் பரீட்சை லீவில் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் அங்கே சேர்ந்தார்கள். எட்டாவதிலிருந்து பதினொன்றாவது வரை படிக்கிறவர்கள். என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்புகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இவர்களுக்குச் செய்தி எழுதச் சொல்லிக்கொடுக்கிறான். கண்ணால் பார்த்தவரிடம் கேள், இன்னொருவரிடமும் கேள், பெயரைப் பிழையில்லாமல் எழுது. இந்த மூன்றைத்தான் முதல் மாதம் முழுக்கச் சொன்னான்.

பிள்ளைகளுக்கு முதலில் ரேடியோ ஆரம்பிக்கத்தான் ஆசை. 102.5-ல் தருமபுரி வானொலியை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா? அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று வளாக வானொலி வந்ததையும், 2006-க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்ததையும் அவன் விளக்கினான். ஆனால் அவற்றில் சொந்தமாகச் செய்தி அறிக்கை ஒலிபரப்பக் கூடாது என்றதும் பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. எனக்கும் அந்த விதி சரியாகப் படவில்லை. ஊர்க்காரன் தன் ஊரில் நடந்ததைத் தன் ஊருக்குச் சொல்வதில் என்ன ஆபத்து இருக்கிறது?

அதனால் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் திண்ணையில் சின்ன ஸ்பீக்கரை வைத்து, எழுதியதை நேரிலேயே வாசிக்கிறார்கள். கால் மணி நேரம்தான். முதல் வாரம் அவரவர் அம்மாக்கள் மட்டும் வந்தார்கள். இப்போது டீக்கடை பெஞ்சையும் தூக்கிவந்து போட்டுக்கொள்கிறார்கள்.

மாசி மாதம் நடந்ததைக் கேள். ஒகேனக்கல் தண்ணீர் மூன்று நாள் வராது என்று எல்லாருடைய போனிலும் ஒரு குரல் பதிவு சுற்றியது. பெண்கள் டிரம்மிலும் அண்டாவிலும் அடித்துப்பிடித்து நிரப்பினார்கள், குழாயடியில் சண்டையே வந்துவிட்டது. ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி சைக்கிளை எடுத்துக்கொண்டு மேல்நிலைத் தொட்டிக்கே போய், தண்ணீர் திறந்துவிடுபவரைக் கேட்டாள். அங்கிருந்து அலுவலகத்துக்கும் போய்க் கேட்டாள். ஒரே ஒரு தெருவுக்கு வால்வு மாற்றுகிறார்கள், ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். சனிக்கிழமை வரை காத்திராமல் அன்று சாயங்காலமே திண்ணையில் நின்று அதை வாசித்தாள். அவள் வாசித்தபோது எனக்குப் பெருமையில் தொண்டை அடைத்துக்கொண்டது, சாந்தி.

அதோடு அவள் விடவில்லை. தன் பாட்டிக்கு மட்டும் ஏன் பல் பழுப்பாக இருக்கிறது, தனக்கு ஏன் அப்படி இல்லை என்று கேட்க ஆரம்பித்தாள். நம் ஊர் போர்வெல் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடைப் பற்றி, பல்லோடு நிற்காமல் எலும்பையும் முடக்குவதைப் பற்றி, அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் திறந்ததைப் பற்றி எல்லாம் விசாரித்து எழுதினாள். வாசித்து முடித்ததும் பாட்டி எழுந்து, "எங்க காலத்துல இத யாருமே சொல்லலையே" என்றார். நம் வகுப்பில் வாயை மூடிக்கொண்டே சிரிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார். நாம் அதைக் கூச்சம் என்றுதானே நினைத்தோம்?

நடுவில் ஒருநாள் பாப்பாரப்பட்டிக்கும் கூட்டிப்போனேன். சுப்பிரமணிய சிவாவை விடுதலைப் போராட்ட வீரராகத்தான் அவர்களுக்குத் தெரியும். 1913-ல் 'ஞானபானு' பத்திரிகையைத் தொடங்கி நடத்திய ஆசிரியர் அவர், தொழுநோயோடு ஊர் ஊராக நடந்து பேசியவர், 1925 ஜூலை 23 அன்று இந்த ஊரில்தான் இறந்தார் என்றதும் நினைவிடத்தில் ஒருத்தரும் சத்தம் போடவில்லை. நாற்பது வயதுதான் அவருக்கு.

அப்புறம் கூத்து. பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார், ராத்திரி கூத்து நடக்கும். நாம் சாக்கு விரித்துப் பார்த்த அதே முறைதான், மாறவில்லை. இந்தத் தடவை பிள்ளைகளைக் கூத்து தொடங்குவதற்கு முன்பே வேஷக் கொட்டகைக்குள் அனுப்பக் கூத்து வாத்தியார் சம்மதித்தார். தட்டி மறைவில் கையளவு கண்ணாடி, கொட்டாங்கச்சிகளில் குழைத்த அரிதாரம். துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் தன் முகத்தைத் தானே எழுதிக்கொண்டிருந்தார். மீசையை வரைந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். பக்கத்தில் இருந்த பையன் தானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். புஜக்கட்டை எதில் செய்தது என்று கேட்டதற்கு, கல்யாண முருங்கை மரம், லேசாக இருக்கும் என்று சொல்லி அவன் தோளிலேயே வைத்துக் கட்டிவிட்டார். இத்தனைக்கும் விடியவிடிய ஆடும் அந்த மனிதர் கூத்து இல்லாத மாதங்களில் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர். பையன் அதையும் கேட்டு எழுதிக்கொண்டான்.

ஒருத்தி போனில் பதிவு செய்தாள். சலங்கை கட்டும் சத்தம், கதையை அறிவிக்கும் கட்டியங்காரன் வருகை, திரைக்குப் பின்னாலிருந்து வரும் முதல் பாட்டு, அவ்வளவில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மீதி ராத்திரியை டியூப்லைட் அடியில் உட்கார்ந்து நோட்டிலேயே எழுதினாள். விடியற்காலை நாலு மணிக்குத் திரௌபதி பாடும்போது பிள்ளைகள் எல்லாம் தூங்கிவிட்டார்கள், ஒரு பாட்டி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று அவள் எழுதியிருக்கிறாள். செல்போனில் எல்லாரும் போடுகிற அரை நிமிஷத் துண்டுகளில் இது வராது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தவளுக்குத்தான் கிடைக்கும்.

அர்ச்சுனன் தபசு அன்று மரத்தின் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழுந்தபோது, குழந்தை வரம் கேட்டு முந்தானை ஏந்தி நின்ற பெண்களைப் படம் எடுக்கலாமா வேண்டாமா என்று பிள்ளைகளுக்குள் விவாதம் வந்தது. வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசி நாள் துரியோதனன் விழும் படுகளம் முடிந்து ஜனம் கலையும்போதுதான் உன் அப்பா பேச்சு வந்தது. இந்தக் கூத்து ஜமாவில் இப்போது நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற முகவீணை இல்லை, ஆர்மோனியம் ஒன்றே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. பென்னாகரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "அந்த முகவீணைக்காரர் இருந்தா துரியோதனன் சாவுக்குக் கல்லும் அழுதிருக்கும்" என்றார். பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விடியலில் அவர் உதடு வீங்கி வீட்டுக்கு வருவதையும், உன் அம்மா கேழ்வரகுக் கூழை ஆறவைத்துக் கொடுப்பதையும், நாம் இருவரும் அந்தச் சின்னக் குழலை எடுத்து ஊதிப் பார்த்துச் சத்தமே வராமல் நின்றதையும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. யாரிடம் கற்றார், சீவாளியை எப்படிச் செய்வார், எந்த இடத்தில் எந்த ராகம் என்று அவர்கள் கேட்பதற்கெல்லாம் நீ ஒருத்திதான் பதில் சொல்ல முடியும். அவரோடு ஆடினவர்களில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது.

அதனால் நீ வர வேண்டும். அண்ணனுக்குக் கண் தேறட்டும், வைகாசி கடைசியில் அவரையும் கூட்டிக்கொண்டு வா. பிள்ளைகள் இப்போதே கேள்விகளை எழுதிவைத்திருக்கிறார்கள், மூன்று பக்கம். அந்த முகவீணையையும், உன் தம்பி டேப்பில் பிடித்தானே, அந்த இரண்டு கேசட்டையும் எடுத்து வா. கேசட்டைப் பெட்டியில் துணியோடு போட்டுவிடாதே, கைப்பையில் வைத்துக்கொள். பூஞ்சை பிடித்திருந்தால் நீயாக ஓட்டிப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடும். நான்கு ரோட்டில் ரேடியோ ரிப்பேர் செய்கிற பெரியவர் பழைய டேப்ரெக்கார்டர் ஒன்றை பெல்ட் மாற்றிக் கொடுத்திருக்கிறார். நன்றாக ஓடுகிறது.

அன்புடன்,
மல்லிகா