கன்டெய்னர் வேண்டாம், மாப்ள

கடலூர் முதுநகர்

அன்பு மாப்ள,

கடிதம் வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும் நிம்மதி. இங்கே அம்மா சௌக்கியம், காதுதான் சரியாகக் கேட்பதில்லை. பண்ருட்டிப் பலா வரத்து முடியப்போகிறது. வருவதாக இருந்தால் சீக்கிரம் வா.

பழைய ராணுவ ஸ்டாலியனை ஏலத்தில் எடுத்தேவிட்டாய்! நாலு சக்கரமும் இழுக்கிற லாரி, ரோடில்லாத இடத்திலும் பாரம் சுமக்கவென்றே செய்தது. லடாக், ஸ்பிதி, கட்ச் ரண் என்று நீ போட்டிருக்கும் வழிக்கு அருமையான வண்டி. ஆனால் தங்குகிற வீடாக அதன்மேல் வைக்க 20 அடி கன்டெய்னர் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

வெறும் கன்டெய்னரே 2,200 கிலோவுக்குப் பக்கம் வரும். கட்டில், அடுப்பு, பேட்டரி, துணிமணி எல்லாம் அதற்குமேல். 300 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் அது 300 கிலோ. பாரம் உயரே போகப்போக, சரிவில் வண்டி சாய்கிற பயமும் கூடும். கன்டெய்னரின் பலமே மூலைத் தூண்களும் நெளித்தகடும்தான். ஜன்னலுக்கும் கதவுக்கும் தகட்டை வெட்டினால் அந்தப் பலம் குறைந்துவிடும். போதாததற்கு வால் நீண்டு, ஓடையில் இறங்கி ஏறும்போது பின்பக்கம் தரையில் இடிக்கும்.

எந்தப் பெட்டி என்பதைவிட, அதை எப்படி உட்கார வைக்கப்போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். லாரி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், முறுக்கிக் கொடுக்கவென்றே செய்தது. ஒரு முன்சக்கரம் பாறையில் ஏறி, எதிர்மூலைப் பின்சக்கரமும் தூக்கினால், சேஸிஸின் இரண்டு நீள இரும்புச் சேனலும் ஒரே மட்டத்தில் நிற்காது. பெட்டியோ முறுக்காது. இரண்டையும் யூ போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் கதவு சிக்கும், ஜன்னல் மூலையில் விரிசல் விடும், கடைசியில் சேஸிஸிலேயே வெடிப்பு விழும்.

புதுச்சேரியில் ஆரோவில் போகும் வழியில் ஜெர்மன் நம்பர் போட்ட லாரி ஒன்று நின்றது. சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு அடியில் குனிந்து பார்த்தேன். பெட்டிக்கு அடியில் தனியாக ஒரு துணைச்சட்டம், சப்ஃப்ரேம். பின்பக்கம் சேஸிஸோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. முன்பக்கம் ஒவ்வொரு போல்டிலும் தடித்த ஸ்பிரிங். சேஸிஸ் முறுக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி, சப்ஃப்ரேம் கொஞ்சம் மேலே எழும்பி, திரும்பவும் வந்து உட்காரும். இன்னொரு முறை மூன்று புள்ளித் தாங்கல்: இரண்டு இடத்தில் பிடிப்பு, மூன்றாவது இடத்தில் சுழல்கிற பிவட். இதில் பாரமெல்லாம் அந்த மூன்று இடத்திலேயே இறங்குவதால் அங்கே சேஸிஸுக்குப் பலம் சேர்க்க வேண்டும். நீளச் சேனல் நெடுகப் பாரம் பரவுகிற ஸ்பிரிங் முறையே உனக்குச் சரி என்பேன். கேபினிலிருந்து பெட்டிக்குள் நுழைய வழி வேண்டும் என்கிறாய். இரண்டும் தனித்தனியாக ஆடும், நடுவே மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்குகிற ரப்பர் பெல்லோஸ் போட்டே ஆக வேண்டும்.

பெட்டிக்கு என் ஓட்டு ஃபைபர் சாண்ட்விச் பேனல்தான். வெளியே, உள்ளே மெல்லிய ஃபைபர் தோல், நடுவில் 50, 60 மில்லிமீட்டர் ஃபோம். நம் ஊர் வெயிலுக்கும் லே குளிருக்கும் ஒரே சுவர் போதும். அலுமினியச் சட்டம் போட்டுத் தகடு அடித்தால், சட்டம் ஓடுகிற இடமெல்லாம் குளிர் உள்ளே வந்து காலையில் நீர் கோத்து நிற்கும். அலுமினியம் இரும்பைத் தொடுகிற இடத்தை இந்த உப்புக்காற்றும் சும்மா விடாது. தண்ணீர்க் குழாய், டேங்க் எல்லாமே பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே விட்டால் ஸ்பிதியில் உறைந்துவிடும்.

துறைமுகத்துப் பக்கம் ஃபைபர் படகு கட்டுகிறவர்களிடம் பேசிப் பார்த்தேன். கண்ணாடி இழை மேட் மேல் ரெசினைத் தடவி, வரிப்பல் உருளையால் ஓரம் வரை காற்றுக் குமிழியைத் தள்ளிக்கொண்டே போகிற கை சுத்தம் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. ஆனால் படகு வேறு, பேனல் வேறு. படகுக்கு ஊற்றுகிற பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. தெர்மாக்கோல் ஜாதி ஃபோமில் அது பட்டால் கரைத்தே விடும். பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் வாங்கு, இல்லாவிட்டால் எபாக்ஸி ரெசின். தோலும் ஃபோமும் வாக்யூம் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்ட வேண்டும். காற்று அடைபட்டால் வெயிலில் உப்பிக் கழன்றுவிடும். பேனல் வாங்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வா. ஒட்டின இடம் கணீரென்னும், விட்ட இடத்தில் சத்தம் பொத்தென்று விழும். அந்தப் பேனலைத் திருப்பி அனுப்பு.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐ மறக்காதே. ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. பெட்டி கட்டும் முன்பே ஆர்.டி.ஓ.விடம் வரைபடத்தோடு போய்ப் பேசு.

கன்டெய்னருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. கேபின் பின்சுவரிலிருந்து சேஸிஸ் முடிவு வரை நீளம், சேனல் அகலம், அடியில் எடுத்த போட்டோ இவ்வளவும் அனுப்பு. சப்ஃப்ரேமுக்கு ஒரு கோட்டுப் படம் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்
உன் மச்சான்